உழைப்பின் கணக்கு – 14: குழியை அளந்தவர்கள்

சென்ற இதழில் 1877ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் நின்றிருந்தோம். அடையாற்றுக்கும் கூவத்துக்கும் நடுவே பக்கிங்காம் கால்வாய்க்காக மண் சுமந்தவர்களையும், சர் ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த கூலியையும் பார்த்தோம். ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், கூடவே ஓரணா. ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் கீழே. பெண்ணுக்கு அதிலும் கொஞ்சம் குறைத்தார்கள். பெண்ணுக்குப் பசி குறைவு என்று யாரும் எழுதிவைக்கவில்லை. கூலிப் பட்டியல்தான் அப்படிச் சொன்னது.

அந்தப் பஞ்ச வேலைகள் முடிந்த பிறகும் இரண்டு பழக்கங்கள் தங்கிவிட்டன. வேலை கொடுப்பது சர்க்காரின் இரக்கம் என்பது முதலாவது. நினைத்தால் தொடங்குவார்கள், மழை பெய்தால் மூடிவிடுவார்கள். இரண்டாவது பழக்கம் வேலைத்தளத்தின் உள்ளே இருந்தது. வெட்டுகிறவன் ஆண், சுமக்கிறவள் பெண். சாயங்காலம் அளக்கப்படுவது வெட்டிய குழி. சுமந்தவள் ஏறி இறங்கிய தூரமெல்லாம் அந்தக் குழிக்குள்ளேயே அடக்கம்.

முதல் பழக்கத்தை மாற்ற நூறு ஆண்டு ஆயிற்று. இரண்டாவதன் கதை இன்னும் நீளம். இந்த வாரம் அந்த இரண்டையும் துரத்திக்கொண்டு மராட்டியத்துக்கும் ராஜஸ்தானுக்கும் போய், கடைசியில் நம் ஏரிக்கரைக்கு வந்துசேர வேண்டும்.

*

மராட்டியத்தின் தெற்கே சாங்லி மாவட்டம். கிருஷ்ணை நதி பாயும் பக்கம் கரும்பும் சர்க்கரை ஆலையுமாகச் செழிப்பு. கிழக்கே போகப் போக வானம் பார்த்த பூமி. அந்த வறண்ட பக்கத்தில், தாஸ்காவ் வட்டத்தில், விசாப்பூர் என்றொரு ஊர். அந்த ஊரோடு சேர்த்துப் பேசப்படும் பெயர் வி.ச. பாகே. முழுப்பெயர் விட்டல் சக்காராம் பாகே. காந்தி வழியில் வந்த காங்கிரஸ்காரர். 1960இலிருந்து 1978 வரை மராட்டிய சட்ட மேலவையின் தலைவர். மேலவைத் தலைவர் பதவியில் அமர்ந்தவர்கள் பெரும்பாலும் சபையில் மணி அடித்து ஒழுங்கு காப்பதோடு நின்றுவிடுவார்கள். இவருக்கு அது போதவில்லை.

1965இல் அவர் முதலமைச்சர் வசந்தராவ் நாயக்குக்கு ஒரு யோசனையை எழுதி அனுப்பினார். கிராமத்தில் உடல் உழைப்புக்குத் தயாராக இருக்கும் எவருக்கும், கேட்டால் வேலை கொடுப்பது அரசின் கடமை என்று வைத்துக்கொண்டால் என்ன? பஞ்சம் வந்த பிறகு கொடுக்கும் நிவாரணமாக அல்ல. எந்த ஆண்டும், எந்த மாதமும். யோசனை காகிதத்தில் நிற்காமல் அந்த அறுபதுகளிலேயே தாஸ்காவ் வட்டாரத்தில் சோதனையாக இறங்கியது. விசாப்பூர்தான் தொடக்கம். 1972இல் மாநிலத்தின் 15 அம்சத் திட்டத்தில் ஒன்றாக அது மாறியது. மராட்டியில் அதற்கு மூன்றே சொல்லில் ஒரு முழக்கம்: கேட்பவனுக்கு வேலை.

‘கேட்பவனுக்கு’ என்றுதான் அந்த மராட்டிச் சொற்றொடரின் இலக்கணம் சொல்கிறது, ஆண்பால். திட்டத்தை வகுத்தவர்களின் கண்ணில் இருந்த உருவமும் அதுவாகத்தான் இருந்திருக்கும். கடப்பாரையைத் தோளில் போட்டு நிற்கும் ஒரு குடியானவன், அவன் பின்னால் குடும்பம். வேலைத்தளத்துக்கு வந்து நின்றவர்களைப் பார்த்தபோது கணக்கு வேறாக இருந்தது.

*

முதலமைச்சர் நாயக், 1965 வாக்கில், இரண்டே ஆண்டில் மராட்டியம் உணவு தானியத்தில் தன்னிறைவு அடையாவிட்டால் தன்னைத் தூக்கில் போடலாம் என்று புணேயில் சவால் விட்டதாக இன்றும் அங்கே சொல்வார்கள். வானம் சவாலைக் கேட்டதோ என்னவோ, 1970இலிருந்து தொடர்ந்து மூன்று ஆண்டு மழை பொய்த்தது. 1972 மழைக்காலம் முற்றாகக் கைவிட்டது. கிணறு வறண்டது, மாடுகளைக் கிடைத்த விலைக்குத் தள்ளினார்கள். புதிதாக அறிவித்த வேலை உறுதித் திட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, அதன் ஆட்களையும் வரைபடங்களையும் பஞ்ச நிவாரண வேலைகளுக்கே திருப்பிவிட வேண்டியதாயிற்று.

1973 மே மாதம் அந்த வேலைத்தளங்களில் நின்றவர்கள் ஏறத்தாழ 50 லட்சம் பேர். உலகத்தில் அதுவரை ஓர் அரசு ஒரே சமயத்தில் இவ்வளவு பேருக்கு மண்வேலை கொடுத்ததுண்டா என்பது சந்தேகம். குடிமக்கள் கூட்டமாகச் சாகாமல் கடந்த பெரும் வறட்சிகளில் ஒன்றாகப் பொருளியலாளர்கள் அதைப் பிற்பாடு எழுதினார்கள். அந்தப் பெருமையை அங்கே வேலை செய்தவர்களிடம் சொன்னால், அவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது மிலோ. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த சிவப்புச் சோளம் அது. ரொட்டி தட்ட வராது, தொண்டையில் இறங்காது. அடுத்தது சுக்டி, வேலைத்தளத்தில் பங்கிட்டுக் கொடுத்த சத்துணவுக் கட்டி. தாங்கள் தின்ற அந்த இரண்டையும் பேரப்பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லாத குடும்பம் அந்தப் பக்கம் குறைவு.

வேலை என்ன? கசிவுநீர்க் குளம் வெட்டுவது, மண் அணை போடுவது, ரோடு போடுவது. எல்லாவற்றுக்கும் மேலாக ஜல்லி உடைப்பது. ஜல்லி உடைப்பதில் இருந்த சௌகரியம் அதிகாரிகளுடையது. வரைபடம் வேண்டாம், நிலம் எடுக்க வேண்டாம், பொறியாளர் வேண்டாம். பாறையும் சுத்தியலும் இருந்தால் போதும். ரோடு எங்கே போகப்போகிறது என்று யாருக்கும் தெரியாமலே சாலையோரங்களில் மலைமலையாகக் குவிந்தது ஜல்லி. அதை உடைத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, கைக்குழந்தையை மறைவில் கிடத்திவிட்டு, சில்லு கண்ணில் தெறிக்காமல் முகத்தைத் திருப்பியபடி ஓங்கி அடிக்க வேண்டும்.

அந்தக் கூட்டத்தில் நிலமில்லாத தலித் பெண்களும் பழங்குடிப் பெண்களும் இருந்ததில் அதிசயமில்லை. அவர்களுக்கு இது பழகிய வெயில். நிலம் வைத்திருந்த மராத்தா வீட்டுப் பெண்கள் வந்து அதே வரிசையில் உட்கார்ந்ததுதான் ஊரைத் திகைக்கவைத்தது. முந்தானையை முகத்துக்கு இழுத்துவிட்டு, வாசல் தாண்டக் கூடாது என்ற மரியாதையோடு வாழ்ந்தவர்கள் அவர்கள். வறட்சி அந்த மரியாதையைக் கழற்றி வைத்தது. சாதி ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. குடிதண்ணீர்ப் பானை தனித்தனியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் மஸ்டர் ரோலில், அதாவது ஆள்பட்டியலில், பெண்ணின் பெயர் தனியாக ஏறியது. அப்பன் பெயரோடோ கணவன் பெயரோடோ ஒட்டிக்கொண்டு ஏறியிருந்தாலும், வருகைக் குறி அவளுடையது, கைநாட்டு அவளுடையது. பலருக்குச் சர்க்கார் காகிதம் ஒன்றில் பெயர் ஏறியது அதுவே முதல் தடவை.

அதே ஆண்டு பம்பாயில் விலைவாசியை எதிர்த்துப் பெண்கள் தட்டும் சப்பாத்திக் கட்டையுமாகத் தெருவுக்கு வந்தார்கள். மிருணாள் கோரேயும் அகல்யா ரங்கணேக்கரும் முன்னால் நடந்தார்கள். நகரத்தில் ஒருத்தி சப்பாத்திக் கட்டையோடு, வேலைத்தளத்தில் ஒருத்தி சுத்தியலோடு. இருவரும் சந்தித்துக்கொள்ளவே இல்லை. ஆனால் ஒரு வழியில் இருவருடைய வீட்டுக் கணக்கும் சேர்ந்தது. 1975இல் மராட்டிய அரசு தொழில் வரிச் சட்டம் கொண்டுவந்தது. பம்பாயில் மாதச் சம்பளம் வாங்கும் குமாஸ்தாவின் கவரில் கைவைத்து, அந்தப் பணத்தைக் கிராமத்து மண்வேலைக்கு அனுப்பியது. மோட்டார் வண்டிக்கும் பாசன நிலத்துக்கும் விதித்த கூடுதல் தீர்வையும் சேர்ந்துகொண்டது. வரியில் வந்த தொகைக்கு ஈடாக அரசும் தன் பங்கைப் போட்டது. நகரத்துக்காரனுக்கும் இதில் லாபம் இருந்தது. வேலை ஊரிலேயே கிடைத்தால் கிராமத்து ஜனம் தாராவிக்குக் குடிசை போட வராது அல்லவா. அறச்சிந்தனை மட்டுமே கொண்டு எந்த வரியும் நிறைவேறுவதில்லை.

*

சட்டம் 1977இல் நிறைவேறியது. 1979 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. கிராமத்தில் இருக்கும் வயதுவந்த எவரும் கேட்டால், 15 நாளுக்குள் வேலை. கொடுக்க முடியாவிட்டால் உதவித்தொகை. அது நாளுக்கு ஒரு ரூபாயாக இருந்ததும் உண்மைதான். ஒரு ரூபாயை விடுங்கள். இரக்கம் கடனாக மாறியது என்பதுதான் பெரிது. ஒரு கூலிப்பெண் தாசில்தார் அலுவலகத்தில் நின்று கேட்கலாம். இல்லை என்றால் எழுதித் தா என்று சொல்லலாம்.

இங்கே ஒரு சொல்லைக் கவனித்துவைத்துக்கொள்ள வேண்டும்: ‘வயதுவந்த எவரும்’. குடும்பத்துக்கு ஓர் ஆள் என்று இல்லை. மாமியாருக்குத் தனியாக, மருமகளுக்குத் தனியாக, புருஷனுக்குத் தனியாக. நாள் வரம்பும் இல்லை. பின்னால் இதற்குத் திரும்பி வருவோம்.

1979-80இல் இந்தத் திட்டத்தில் நடந்த வேலை சுமார் 20 கோடி ஆள்நாள். புணேயின் கோகலே நிறுவனத்தைச் சேர்ந்த குமுதினி தாண்டேக்கர் அந்த ஆண்டுகளில் வேலைத்தளங்களில் ஆய்வு செய்தார். அவர் கண்டதில் பெண்களின் பங்குதான் முக்கியம். எந்த ஒதுக்கீடும் இல்லாமலே பத்துப் பேரில் நாலு பேர் பெண்கள். சில இடங்களில் பாதிக்கு மேல். இந்தத் திட்டத்தைப் பெண்களுக்கான வேலைவாய்ப்பு என்றே பார்க்க வேண்டும் என்று அவர் எழுதினார்.

ஏன் வந்தார்கள்? வேலை நடந்துபோகும் தூரத்தில் இருந்தது. பண்ணையாரிடம் கைகட்டி நிற்க வேண்டாம். நடவுக்கும் களைக்கும் பெண்ணாள் கூலி ஒன்று, ஆணாள் கூலி ஒன்று என்று வயலில் இருந்த வழக்கம் இங்கே சட்டப்படி செல்லாது. வெட்டிய அளவுக்குக் கூலி, யார் வெட்டினாலும் ஒன்றே. ஆண்கள் பம்பாய் ஆலைக்கோ கரும்பு வெட்டவோ போனபின் ஊரில் மிஞ்சியவர்களும் பெண்கள்தான்.

‘வெட்டிய அளவுக்குக் கூலி’ என்பதில்தான் பழைய பஞ்ச வேலையின் பேய் ஒளிந்திருந்தது. அளவுக் கூலி பார்வைக்கு நியாயமானது. நாடாவுக்கு ஆண் பெண் தெரியாது. ஆனால் ஒரு நாளில் ஒருவர் எவ்வளவு மண் வெட்ட முடியும் என்ற விகிதத்தை எழுதியவர்கள் பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள். காண்ட்ராக்டரின் கீழ் வேலை செய்யும் வாட்டசாட்டமான ஆணின் உடம்பை மனதில் வைத்து எழுதிய விகிதம் அது. பிள்ளை பெற்று மூன்று மாதமான உடம்பு அதில் இல்லை. அறுபது வயது உடம்பும் இல்லை. பிள்ளைக்குப் பால் கொடுக்க எழுந்துபோன நேரம் அதில் இல்லை.

அடுத்தது ஜோடிக் கணக்கு. மண்வேலை ஜோடி ஜோடியாக நடந்தது. புருஷன் வெட்டுவான், பெண்டாட்டி கூடையில் அள்ளிக் கரைக்குக் கொண்டுபோய்க் கொட்டுவாள். அளவு எடுத்ததும் ஜோடிக்கு ஒரு தொகை வரும். பல இடங்களில் அது புருஷன் கையில் போய் நின்றது. மஸ்டர் ரோலில் இருவர் பெயர், மடியில் ஒருவர் பணம். ஜோடி இல்லாதவள் என்ன செய்வாள்? விதவை, புருஷன் விட்டுப்போனவள், கல்யாணம் ஆகாமலே வயது ஏறியவள்? மற்றவர்களின் குழுவில் கெஞ்சிச் சேர வேண்டும். சேர்த்துக்கொண்டால் தன் அளவு குறையும் என்று அவர்கள் முகம் சுளிப்பார்கள். இல்லையென்றால் ஜல்லிக் குவியல்தான். அங்கே தனியாக உட்கார்ந்து உடைக்கலாம். திட்டம் யாருக்கு மிகமிகத் தேவையோ அவளுக்கே மிகமிகக் கடினமான வேலை விழுந்தது இப்படித்தான்.

பாகேயின் சாங்லி மாவட்டத்திலேயே இதற்கு எதிராகக் குரல் எழுந்தது. 1982இல் பம்பாய் நூற்பாலை வேலைநிறுத்தம் இழுத்துக்கொண்டே போனபோது, கானாப்பூர் வட்டத்து ஆலைத் தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள். ஊரில் வறட்சி. ஜல்லி உடைக்கப் போனார்கள். ஆலையில் சங்கம் கண்டவர்கள் அல்லவா, இந்த ஜல்லி எதற்கு என்று கேட்டார்கள். கேள்வியிலிருந்து முக்தி சங்கர்ஷ் இயக்கம் வளர்ந்தது. வறட்சியை ஆண்டுதோறும் கொண்டாடும் வேலை வேண்டாம், வறட்சியைப் போக்கும் வேலையைக் கொடு என்றார்கள். ஏரளா ஆற்று மணலை விற்ற பணத்தையும் போட்டு ஊர்க்காரர்களே பலிராஜா அணையைக் கட்டினார்கள். நிலமில்லாதவருக்கும் அந்தத் தண்ணீரில் பங்கு உண்டு என்று முடிவு செய்தார்கள். அதே வட்டாரத்தில் 1980களின் இறுதியில் இந்துதாயி பாடண்கர் கணவனால் கைவிடப்பட்ட பெண்களைத் திரட்டினார். ரேஷன் கார்டு தன் பெயரில் வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கைகளில் ஒன்று. ஜல்லிக் குவியலில் தனியாக உட்கார்ந்திருந்தவள் இங்கே கூட்டமாகத் தெரிந்தாள்.

*

இப்போது ராஜஸ்தான். அஜ்மீர் மாவட்டத்தில் மதன்கஞ்சிலிருந்து ஹர்மாடாவுக்கு ஒரு ரோடு. 1981இல் பஞ்ச நிவாரண வேலையாகப் பொதுப்பணித் துறை அதைப் போட்டது. வந்தவர்களை இருபது பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்தார்கள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை குழு முழுவதும் வெட்டியதை அளந்து, வந்த தொகையை ஆட்களுக்குப் பங்கிட்டார்கள். மாநிலத்தில் அப்போது குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 7 ரூபாய். குழுவின் அளவு குறைந்தால் எல்லோருக்கும் 7 ரூபாய்க்குக் கீழே. காலையிலிருந்து நிமிராமல் வெட்டியவளுக்கும் அதே, நிழலில் நின்றவனுக்கும் அதே. வராதவன் பெயரையும் மேஸ்திரி குழுவில் எழுதிவைத்தால், அவன் பங்கும் இவர்கள் குழியிலிருந்தே போகும்.

இது சட்டமீறல் இல்லையா என்றால், இல்லை. 1964இலேயே ராஜஸ்தான் ஒரு சட்டம் போட்டு, பஞ்ச நிவாரண வேலைகளைத் தொழிலாளர் சட்டங்களிலிருந்து விலக்கி வைத்திருந்தது. பசித்தவனுக்குக் கொடுப்பது தர்மம். தர்மத்துக்கு என்ன குறைந்தபட்சக் கூலி என்பது அதன் தர்க்கம். டெம்பிள் துரை எழுந்து வந்திருந்தால் கைகுலுக்கியிருப்பார்.

ஹர்மாடாவில் அந்த ரோட்டில் மண் வெட்டியவர்களில் நௌர்த்தி பாய் என்ற தலித் பெண் இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். கூலி குறைந்ததும் வாங்க மறுத்தார், மற்றவர்களையும் மறுக்கவைத்தார். பக்கத்தில் திலோனியாவில் 1972இலிருந்து இயங்கிவந்த சமூகப்பணி ஆய்வு மையம் அவர்களோடு நின்றது. அதன் இயக்குநர் சஞ்சித் ராய் (பங்கர் ராய் என்றால்தான் பலருக்குத் தெரியும்) உச்ச நீதிமன்றத்துக்கு எழுத, அது வழக்காயிற்று. அந்த நாட்களில் திலோனியாவில் இருந்த இன்னொருவர், சென்னையில் பிறந்து, ஐ.ஏ.எஸ். பதவியை எழுபதுகளின் நடுவில் உதறிவிட்டு வந்த அருணா ராய்.

1983 ஜனவரியில் நீதிபதிகள் பகவதியும் பதக்கும் தீர்ப்புச் சொன்னார்கள். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து ஒருவரை வேலை வாங்கினால், அவர் சம்மதித்தே வந்திருந்தாலும், அது அரசியல் சாசனத்தின் 23ஆம் பிரிவு தடைசெய்த கட்டாய உழைப்பு. பசியின் காரணமாக வந்த சம்மதம் சம்மதமாகாது. வறட்சியில் அவதிப்படுகிறவர்களின் இயலாமையை அரசு தனக்கு லாபமாக்கிக்கொள்ளக் கூடாது. 1964ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்தபட்சக் கூலியை விலக்கிய அளவில் செல்லாது என்றார்கள். நம் நாட்டுத் தொழிலாளர் சட்ட வரலாற்றில் ஆலைக்காரர்களின் வழக்குகள் ஏராளம்; மண் கூடை சுமந்தவர்கள் பெயரில் வந்த பெரிய வழக்கு என்றால் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். ஆனால் வழக்கின் பெயரில் இருப்பது சஞ்சித் ராய். நௌர்த்தி பெயர் சட்டப் புத்தகத்தில் இல்லை.

தீர்ப்பு வந்துவிட்டால் கூலி வந்துவிடுமா? மராட்டியத்தில் 1988இல் வேலை உறுதித் திட்டக் கூலி குறைந்தபட்சக் கூலியோடு சேர்ந்து ஏறத்தாழ இரட்டிப்பானது. சந்தோஷப்படுவதற்குள் ஆள்நாள் கணக்கு மளமளவென்று சரிந்து, 1979-80இல் இருந்ததில் பாதிக்கும் கீழே போனது. ஜனம் வர மறுத்ததா? கூலி ஏறியதால் வராமல் போவார்களா! கூலியை ஏற்றிய அரசு, வேலைத்தளம் திறப்பதைக் குறைத்துக்கொண்டது என்பதே அதை ஆராய்ந்த பொருளியலாளர்கள் கண்டது. உரிமை சட்டத்தில் அப்படியே இருந்தது. திறவுகோல் மட்டும் அதிகாரியின் பையில்.

ராஜஸ்தானில் அருணா ராய் 1990இல் தோழர்களோடு தேவ்டுங்ரி கிராமத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டனைத் தொடங்கினார். அவர்கள் கைவைத்தது மஸ்டர் ரோலில். கூலி கேட்டால் ‘நீ வேலையே செய்யவில்லை, ரோலைப் பார்’ என்கிறார்கள். ரோலைக் காட்டு என்றால் அது ரகசியம். 1994 டிசம்பரில் கோட் கிரானாவில் நடந்த முதல் பொதுவிசாரணையில் ரோலை ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். தகவல் உரிமைச் சட்டத்தின் வேர் அந்தப் பந்தலில் இருக்கிறது. அந்தக் கதை தனியாக ஓர் இதழைக் கேட்கும். இப்போது தாண்டிப் போகிறேன்.

*

2005 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தை நிறைவேற்றியது. 2006 பிப்ரவரி 2 அன்று ஆந்திரத்தின் அனந்தப்பூர் மாவட்டத்து பண்ட்லப்பள்ளியில் தொடங்கி, 200 மாவட்டங்களில் நடைமுறைக்கு வந்தது. அதன் அட்டவணைகளை மெல்லப் படித்தால், இதுவரை நாம் பார்த்த அவமானங்கள் ஒவ்வொன்றாக அங்கே பதில் பெற்றிருப்பது தெரியும். பயனாளிகளில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள். காண்ட்ராக்டர் கூடாது. வேலை ஐந்து கிலோமீட்டருக்குள். அதைத் தாண்டினால் கூலியில் பத்து சதவீதம் கூடுதல். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேர் இருந்தால், பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி அவளுக்கும் அதே கூலி. நிழல், குடிநீர், முதலுதவி. ஆணுக்கும் பெண்ணுக்கும் கூலியில் வித்தியாசம் கூடாது. அளவு விகிதத்தைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. ஒருவர் ஏழு மணி நேரம் வேலை செய்தால் நிர்ணயித்த கூலி கிடைக்கும்படி விகிதத்தை எழுத வேண்டும் என்றது அது. உடம்புக்கு ஏற்றபடி நாடாவைத் திருத்து என்று ஒரு சட்டம் சொன்னது.

கொடுத்த கை ஒன்றைப் பிடுங்கவும் செய்தது. மராட்டியச் சட்டத்தின் ‘வயதுவந்த எவரும்’ இங்கே ‘குடும்பம்’ ஆயிற்று. குடும்பத்துக்கு ஆண்டில் 100 நாள். மாமியார், மருமகள், புருஷன் எல்லோருக்கும் சேர்த்து ஒரே அட்டை, ஒரே நூறு. அட்டை யார் பெயரில், யார் போவது என்பதை அடுப்படியில் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். கைவிடப்பட்டவள் தனிக் குடும்பமா, அப்பன் வீட்டோடு சேர்த்தியா என்ற சாங்லிக் கேள்வி ஊராட்சி அலுவலகத்தில் மறுபடி முளைத்தது.

தமிழ்நாட்டில் முதல் கட்டமாக வந்த மாவட்டங்கள் ஆறு: கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை, நாகப்பட்டினம், திண்டுக்கல், சிவகங்கை. நீண்ட பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. நூறு நாள் வேலை என்றார்கள், சிலர் ஏரி வேலை என்றார்கள். கூலி 80 ரூபாய். முதல் ஆண்டுக் கணக்கு வந்தபோது நாடு முழுவதும் வேலை நாட்களில் பெண்களின் பங்கு 40 சதவீதம், தமிழ்நாட்டில் 81. சட்டம் கேட்டது மூன்றில் ஒரு பங்கு. வந்தது ஐந்தில் நாலு.

காரணம் ரகசியமில்லை. ஆண்களுக்குச் சென்னையில் சித்தாள் பெரியாள் வேலையும், திருப்பூரில் பனியன் கம்பெனியும் கூப்பிட்டன. அங்கே 80 ரூபாய் ஒரு கூலியே அல்ல. பெண்ணாளுக்கோ வயலில் அதற்குக் கீழேதான். சும்மாடு கோலிய தலையும், தூக்குவாளியில் கஞ்சியுமாகக் காலையில் ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தவர்களில் அந்த ஆண்டு இளம்பெண்களைவிட நடுவயதுக்காரிகளும் கிழவிகளுமே அதிகம் கண்ணில் பட்டார்கள். எந்தக் கங்காணியும் கூப்பிடாத வயது அது.

நாடா இங்கேயும் வந்தது. குழி குறித்துக் கொடுப்பார்கள். நடுவில் வெட்டாமல் விட்ட மண் குற்றியை வைத்து ஆழம் பார்ப்பார்கள். வறண்ட ஏரியின் அடிமண் கல்லாக இறுகியிருக்கும். ஐம்பத்தைந்து வயதுக்காரியின் குழி அரை முழம்கூட இறங்காது. அளவு குறைந்தது என்று கூலி குறைந்தது. 80 என்று எழுதியிருக்கிறதே, கையில் ஏன் அறுபது என்று ஓவர்சீயரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஹர்மாடாவின் பெயரையே கேள்விப்படாதவர்கள் அதே கேள்வியைக் கேட்டார்கள்.

இன்னொரு சத்தமும் எழுந்தது. வயலுக்கு ஆள் கிடைக்கவில்லை, இந்தத் திட்டம் ஜனங்களைச் சோம்பேறியாக்குகிறது, மரத்தடியில் உட்கார்ந்து கதை பேசிவிட்டுக் கூலி வாங்குகிறார்கள் என்று டீக்கடையில் பேசினார்கள். சினிமா நகைச்சுவையும் சேர்ந்துகொண்டது. வெட்டியாக நின்ற தளங்கள் இல்லை என்று நான் வாதாடமாட்டேன், இருந்தன. ஆனால் வயலுக்கு ஆள் கிடைக்கவில்லை என்பதற்கு, பழைய கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை என்று பொருள். நாற்று நடும் பெண்ணாளுக்கு வேறு போக்கிடம் இருக்கிறது என்ற செய்தி வரப்புக்கு வந்து சேர்ந்ததும் கூலி அசையத் தொடங்கியது. அளவு நாடா செய்யாததை அட்டை செய்தது.

*

நௌர்த்தி பாயை ரோட்டோரத்தில் விட்டுவிட்டு வந்தோம். வழக்குக்குப் பிறகு அவர் திலோனியாவில் சில மாதம் தங்கி எழுதப் படிக்கக் கற்றார். பிறகு கம்ப்யூட்டரும் கற்றார். இந்தியில் தட்டச்சு செய்வார், கணக்குப் பதிவார், மற்றப் பெண்களுக்குச் சொல்லியும் கொடுத்தார். 2010இல் ஹர்மாடா ஊராட்சித் தேர்தலில் நின்று சர்பஞ்சு ஆனார். ஒரு காலத்தில் அவர் மண் வெட்டிய ஊரில், நூறு நாள் வேலையின் மஸ்டர் ரோல் அவருடைய ஊராட்சியின் பொறுப்பாயிற்று. யார் வந்தார், யார் வரவில்லை, குழி எவ்வளவு என்பதெல்லாம் அவர் மேசைக்கு வந்தன.

2014 டிசம்பரில் ராஜஸ்தான் அரசு ஓர் அவசரச் சட்டம் பிறப்பித்தது. சர்பஞ்சு பதவிக்கு நிற்க வேண்டுமானால் எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். அடுத்த மாதமே தேர்தல். கம்ப்யூட்டரில் ஊராட்சிக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்த நௌர்த்தி பாயிடம் எட்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லை. அந்தத் தேர்தலில் அவர் நிற்க முடியவில்லை. சட்டத்தை 2019இல் திரும்பப் பெற்றார்கள்.